ராடு வாங்குவதா, சந்தா கட்டுவதா?

ஜிம் சந்தா மாதம் 1,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12,000. அந்தக் காசுக்கு டம்பெல்லும் பெஞ்சும் வாங்கி வீட்டிலேயே போட்டுவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் செலவில்லையே? ஜிம்மில் சேர நினைக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிற கணக்கு இது. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் சந்தாவை வகுக்க வேண்டியது நாம் ஜிம்முக்குப் போன நாட்களால்.

அப்படி வகுத்துப் பார்த்தவர்கள் உண்டு. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் 3 ஜிம்களின் வருகைப் பதிவை எடுத்து அலசி 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 70 டாலருக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே ஜிம்களில் 10 வருகைக்கு 100 டாலர் என்று தனிச் சீட்டும் இருந்தது. அதை வாங்கியிருந்தால் லாபம். நம் ஊரில் ஜனவரியில் ஒட்டுகிற 'ஒரு வருஷம் கட்டினால் 3 மாதம் இலவசம்' பேனரும் இதே மனசை நம்பித்தான் தொங்குகிறது. கட்டிய அத்தனை பேரும் தினம் வந்தால் அந்த ஹாலில் நிற்க இடம் இருக்காது.

வீட்டுச் சாமானுக்கும் இதே வகுத்தல்தான். 2020 மார்ச்சில் ஜிம்களைப் பூட்டி, ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் வாங்கிய டம்பெல்களில் எத்தனை இன்னும் கைபடுகின்றன என்பது பழைய சாமான் விற்கும் ஆப்பைத் திறந்தால் தெரியும். 'லைட்லி யூஸ்டு' என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது உண்மை.

சரி, வீட்டில் போட என்ன ஆகும்? இரண்டு முனையிலும் எடை மாட்டித் தூக்குகிற 7 அடி இரும்பு ராடு, டம்பெல் ராடு ஒரு ஜோடி, அவற்றில் மாட்ட 60 கிலோ ரப்பர் பிளேட் (வட்டமான எடைகள்), சாய்வு மாற்றக்கூடிய பெஞ்ச், தரைக்கு ரப்பர் மேட். தரத்தைப் பொறுத்து 20,000லிருந்து 25,000 வரை பிடிக்கும். ஸ்குவாட் (பாரத்தோடு உட்கார்ந்து எழுவது) போட ராடைத் தாங்கும் ஸ்டாண்டு தனி. இணையத்தில் 2,000 ரூபாய்க்கு '20 கிலோ ஹோம் ஜிம் காம்போ' என்று வருவது பிவிசி பிளேட். உள்ளே மணலும் சிமெண்டும். அதன் தடிமன்தான் தொல்லை. டம்பெல் ராடில் இரண்டு பக்கமும் நாலைந்து கிலோ ஏறியதுமே மரையில் இடம் தீர்ந்துவிடும். ஆறு மாதத்தில் உங்கள் கை அதைத் தாண்டிப் போய்விடும்.

காசைவிட இடம் பெரிய பிரச்சினை. 10க்கு 10 பெட்ரூமில் 7 அடி ராடை வைத்தால் பக்கத்துக்கு ஒன்றரை அடி மிஞ்சும்; பிளேட்டை மாட்டிக் கழற்ற அது போதும், கட்டில் இல்லாவிட்டால். பலரும் யோசிக்காத விஷயம் சீலிங் ஃபேன். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ளவர் டம்பெல்லைத் தலைக்கு மேல் நீட்டினால் ஏழேகால், ஏழரை அடி வந்துவிடும். 8 அடியில் தொங்குகிற இறக்கைக்கும் அதற்கும் நடுவே அரை அடிதான். ஃபேனை நிறுத்திவிட்டு மே மாதச் சென்னையில் ஷோல்டர் ப்ரெஸ் போடலாம் என்பவருக்கு என் வணக்கம்.

தளம் தாங்குமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குடியிருப்புத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்குவதாக வைத்துத்தான் நம் கட்டுமான விதிப்படி கணக்குப் போடுகிறார்கள். மேட் மேல் மெல்ல இறக்கி வைக்கிற டம்பெல்லால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. தளம் தாங்கும், கீழ்வீட்டுக்காரர்தான் தாங்க மாட்டார். காலை ஐந்தரைக்கு டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்குவது) போட்டு 'தொம்' என்று இறக்கினால், அன்றே அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் உங்கள் வீட்டு எண் வந்துவிடும்.

ஜிம்மின் பலம் எது என்று கேட்டால் ஏசியையோ கண்ணாடியையோ சொல்ல மாட்டேன். காலும் முதுகும்தான். மாரையும் கையையும் வீட்டில் எப்படியும் வளர்த்துவிடலாம். தண்டாலே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் காலால் எடையைத் தள்ளும் லெக் ப்ரெஸ், மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் லேட் புல்டவுன், கேபிள் மெஷின் எல்லாம் வீட்டுக்குள் வராத சாமான்கள். இரண்டாவது பலம் மாஸ்டர். நல்ல மாஸ்டர் இருந்தால், குனிந்து ராடைப் பிடிக்கும்போதே "முதுகு வளையுது தம்பி, வெயிட்டைக் குறை" என்று பின்னாலிருந்து குரல் வரும். வீடியோ பார்த்துக் கற்கிறவருக்குத் தன் முதுகு தெரியாது. பெஞ்ச் ப்ரெஸ்ஸில், அதாவது பெஞ்சில் படுத்து ராடை மேலே தள்ளும்போது, அது நெஞ்சில் மாட்டிக்கொண்டால் தூக்கிவிடவும் வீட்டில் ஆளில்லை. அதனால்தான் தனியாக பெஞ்ச் ப்ரெஸ் போடுகிறவர்கள் பிளேட் நழுவாமல் பிடிக்கும் லாக்கை மாட்டாமல் போடுவார்கள்; முடியாவிட்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை வழியவிட்டுத் தப்பிக்கலாம். டம்பெல்லில் போடுவது அதைவிட நல்லது.

பலவீனமும் தெரிந்ததுதான். சாயங்காலம் ஆறரைக்கு மேல் போனால் பாதி நேரம் வரிசையில் நிற்பதில் போகும். "இன்னும் எத்தனை செட் இருக்கு, ப்ரோ?" என்று கேட்டால் "ரெண்டுதான்" என்பார், அந்த இரண்டுக்கு நடுவே பத்து நிமிஷம் போன் பார்ப்பார். வருஷச் சந்தாவை வாங்கிக்கொண்டு பாதியில் ஷட்டரை இழுத்துவிடும் ஜிம்களும் உண்டு. தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் தெரியாத இடத்தில் 3 மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. புதுப்பிக்கும்போது பில்லை வாங்கிப் பாருங்கள்.

பெண்களுக்கு இந்த ஒப்பீடே வேறு மாதிரி போகும். தெருமுனை ஜிம்கள் பலவற்றில் 'லேடீஸ் டைமிங்' என்பது காலை பத்துக்கு மேல் பன்னிரண்டு வரை, வேலைக்குப் போகிறவர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நேரம். மற்ற நேரத்தில் போனால் கேட்காத அறிவுரைகள் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தெருவில் இருந்தால் சந்தாவை மறந்துவிட்டு 5 கிலோவிலும் 10 கிலோவிலும் ஒவ்வொரு ஜோடி டம்பெல் வாங்குவதே புத்திசாலித்தனம். பாரத்தோடு உட்கார்ந்து எழுவதற்கு அது கொஞ்ச நாளைக்குத் தாங்கும்.

மற்றபடி என் கட்சி இதுதான்: முதலில் ஜிம், அப்புறம் வீடு. புதிதாகத் தொடங்குகிறவர் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிற ஜிம்மில் மாதாமாதம் கட்டிப் போகட்டும். அரைமணி வண்டி ஓட்டிப் போகிற பளபளப்பான இடத்தைவிட, பக்கத்துத் தெருவில் ஆஞ்சநேயர் படம் மாட்டிய பழைய தேகப்பயிற்சி நிலையம் மேல். ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் பிசகில்லாமல் வந்து, யாரும் கூப்பிடாமலே போகிற பழக்கமும் வந்த பிறகு வீட்டுக்குச் சாமான் வாங்கலாம். கைக்குழந்தை இருக்கிற வீடு, ஷிஃப்ட் மாறுகிற வேலை என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றுவேன். டிரெட்மில்லை இரண்டு கட்சியிலும் சேர்க்கவில்லை. நடக்க மொட்டை மாடியோ கார்ப்பரேஷன் பூங்காவோ போதும்.

வாங்குவதென்றால் செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள், இரும்புக்கு வயசாவதில்லை. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ராடைத் துடைத்து அவ்வப்போது மெஷின் ஆயில் தடவ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போகும்போது கையில் டேப் இருக்கட்டும். மெல்லிய ராடுக்கான பிளேட்டில் ஓட்டை சுமார் 30 மில்லிமீட்டர், ஒலிம்பிக் ராடுக்கானதில் 50. ஒன்றுக்கு வாங்கிய பிளேட் மற்றதில் ஒன்று ஏறாது, இல்லையென்றால் ஆடும். மரை வைத்த டம்பெல் ராடு என்றால் நட்டைக் கடைசி வரை திருகிப் பாருங்கள். உள்ளே ரப்பர் வாஷர் இல்லாத நட்டு, செட்டின் நடுவிலேயே தளர்ந்து கழன்றுவிடும்.