கோத்தகிரியில் கிட்: சப்வெர்ஷனை விட்டு வந்த ஒரு நிரலாளரின் மதிப்பீடு

சப்வெர்ஷனில் ஏழு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு கிட்டுக்கு மாறியவன் நான். நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவிகள் இவை. இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள் என்பதால், இந்த மதிப்பீட்டில் விலைக்கு இடமில்லை. கோத்தகிரியில் உட்கார்ந்து, தேயிலைத் தொழிற்சாலைகளின் பச்சைத் தேயிலை எடைக் கணக்குக்கு மென்பொருள் எழுதுவதும், எழுதியதை கோயம்புத்தூரில் உள்ள சர்வரில் சேர்ப்பதும் எங்கள் சிறு குழுவின் வேலை. அந்த சர்வருக்கும் எங்களுக்கும் இடையே உள்ள மலைதான் எங்கள் தேர்வைத் தீர்மானித்தது.

சப்வெர்ஷனை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2000-இல் கொலாப்நெட் நிறுவனம் தொடங்கி, 2004-இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த அந்த மென்பொருள், வரலாறு முழுவதையும் ஒரே சர்வரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது பதிந்து வைக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், வரிசையாக ஓர் எண்ணைக் கொடுக்கிறது. "1412-ஐப் பாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு உடனே விளங்கிவிடும். கிட்டில் ஒரு கமிட்டின் பெயர் நாற்பது எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த சரம். முதல் ஏழெட்டைச் சொன்னாலே போதும் என்றாலும், அதை வாயால் சொல்வது எளிதன்று.

ஆனால் சப்வெர்ஷனில் கமிட் செய்ய சர்வர் எட்ட வேண்டும். பழைய கமிட்டுகளின் பட்டியலைப் பார்ப்பதற்கும் அதுவே நிபந்தனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியின் மேல் விழுந்தாலோ, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தாலோ, எங்களுக்கு இரண்டு மூன்று நாள்கள் இணையம் இருக்காது. அந்த நாள்களில் வேலை நிற்கவில்லை. வேலையை நாங்கள் பதிந்து வைக்கும் பழக்கம் கெட்டது. ஒரு பிழைத் திருத்தம், ஒரு புதிய அறிக்கை, ஒரு பெயர் மாற்றம் என மூன்று நாள்களில் செய்தவை எல்லாம் இணையம் வந்ததும் ஒரே கமிட்டாகப் போய்ச் சேரும். ஆறு மாதம் கழித்து அதில் ஒன்றை மட்டும் திரும்பப் பெற வேண்டி வந்தால் பிரித்தெடுக்க வழியிருக்காது. காத்திருந்த நேரத்தை விட இதையே நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எழுதும் குழுவினர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவியின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டபோது, 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான் கிட். அதில் வரலாறு முழுவதும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது. கமிட் செய்வது, பழையதை ஒப்பிடுவது, மூல நிரலைத் தொடாமல் தனியே வேலை செய்யக் கிளை பிரிப்பது, பிறகு அதை இணைப்பது என எதற்கும் சர்வர் தேவையில்லை. கமிட்டுகளை சர்வருக்கு அனுப்பவும் (புஷ்), அங்கிருந்து பெறவும் (புல்) மட்டுமே இணையம் வேண்டும்.

இதன் பயனை நான் உணர்ந்தது ஒரு மழை வாரத்தில். தம் கணக்கில் ஒவ்வொரு எடையிலும் சிறிது குறைகிறது என்று ஒரு சிறு விவசாயி தொழிற்சாலையில் முறையிட்டார். அவர் சொன்னது சரி. 50 கிலோ மூட்டையில் சாக்குக்கு 1 கிலோவைக் கழித்துவிட்டு, மீதி 49 கிலோவில் ஈரத்துக்கு 5 சதவீதம் கழித்தால் 46.55 கிலோ வர வேண்டும். எங்கள் நிரலில் இந்த வரிசை மாறிப்போய், முதலில் ஈரமும் பிறகு சாக்கும் கழிக்கப்பட்டதால் 46.5 கிலோ வந்தது. மூட்டைக்கு 50 கிராம்தான். ஆனால் அது அவர் பறித்த இலை, அவருக்குச் சேர வேண்டிய பணம். எந்த நாளில் இருந்து பிழை என்று தெரிந்தால்தான் யார் யாருக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்று கணக்கிட முடியும். இணையம் அறவே இல்லாத அந்த இரவில் கிட்டின் பைசெக்ட் கட்டளையை ஓட்டினேன். சரியாக இருந்த ஒரு கமிட்டையும் தவறான ஒன்றையும் காட்டினால், அது இடையில் உள்ளவற்றைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கத் தரும். சுமார் 240 கமிட்டுகளில் எட்டுச் சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டது. கமிட்டுகள் சிறியவையாக இருந்ததால், பிழையான வரியும் அங்கேயே கண்ணில் பட்டது.

கிளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிட்டில் கிளை என்பது ஒரு கமிட்டின் பெயரை மட்டும் தாங்கிய சிறு குறிப்பு என்பதால், ஒரு தொழிற்சாலை கேட்கும் மாற்றத்துக்கு ஒரு கிளை எனத் தயக்கமின்றிப் பிரிக்கிறோம்.

கிட்டின் குறைகளில் மலைவாசிகளை அதிகம் வருத்துவது முதல் க்ளோன், அதாவது வரலாறு முழுவதையும் முதன்முறை கணினியில் இறக்கிக்கொள்வது. சப்வெர்ஷனில் முதல் இறக்கம் பாதியில் அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். கிட்டில் அறுந்தால் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு பகல் முழுவதும் இதில் தோற்றார். பிறகு வரலாற்றை ஒரே கோப்பாகக் கட்டித் தரும் பண்டில் வசதியைப் பயன்படுத்தி, கோயம்புத்தூரில் இருந்து பென்டிரைவில் பேருந்தில் கொண்டுவந்தோம். அண்மை வரலாற்றை மட்டும் இறக்கும் டெப்த் தெரிவும் உதவும்.

கட்டளைகளும் கற்பவரைக் குழப்புகின்றன. கிளை மாறுவதற்கும், கோப்பில் செய்த மாற்றத்தை அழிப்பதற்கும் செக்அவுட் என்ற ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். 2019-இல் ஸ்விட்ச், ரெஸ்டோர் என்று பிரித்தபின் கற்றுக்கொடுப்பது எளிதானது. கிட்டைப் போலவே 2005-இல் பிறந்து, அதே வசதிகளை இன்னும் தெளிவான கட்டளைகளோடு தந்த மெர்க்குரியலை நான் மிகவும் மதித்தேன். நிரல்களை இணையத்தில் வைத்துத் தரும் பிட்பக்கெட் சேவை 2020-இல் அதற்கான ஆதரவை நிறுத்தியபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நல்ல கருவியாக இருந்தும், புதிதாக வருபவர்கள் எல்லாரும் கிட் மட்டுமே தெரிந்து வருவதால் எங்களால் அதைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

எடைச் சீட்டுகளின் படங்களை மட்டும் இன்றும் சப்வெர்ஷனில்தான் வைத்திருக்கிறோம். படங்களின் பழைய பதிப்புகள் அனைத்தையும் ஒவ்வொரு கணினியும் சுமக்க வேண்டியதில்லை. ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாதபடி பூட்டும் வசதியும் அதில் இருக்கிறது.

மாறுவோருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கமிட் செய்ததும் வேலை பத்திரம் என்ற எண்ணம் கிட்டில் எளிதில் வந்துவிடுகிறது. இடி விழுந்த ஒரு மாலையில் என் கணினி கெட்டபோது, புஷ் செய்யாத நான்கு நாள் கமிட்டுகளும் அதனோடு போயின. இப்போது மேசையில் ஒரு பென்டிரைவையே இரண்டாவது ரிமோட்டாக, அதாவது புஷ் செய்யும் இன்னோர் இடமாக, அமைத்திருக்கிறேன். மாலையில் புஷ் முதலில் அதற்குப் போகிறது, இணையம் திரும்பியதும் கோயம்புத்தூருக்குப் போகிறது.