முதல் லைனர் லாக் கத்திக்கு வாங்கின சாமான்: எது தேறுச்சு, எது காலை வாரிடுச்சு

மடங்காத கத்தி நாலஞ்சு பண்ணி முடிச்ச தைரியத்துல மடக்குக் கத்தில கை வச்சேன். எல்லாரும் மாதிரி நானும் பிளேடுக்கு எந்த ஸ்டீல்னு ஒரு மாசம் மண்டையப் பிச்சுக்கிட்டேன், கடைசில பாத்தா கத்தியக் கவுத்தது ஸ்டீலே இல்ல, லைனர்.

லைனர்ங்கிறது கைப்பிடிக்கு உள்ள ரெண்டு பக்கமும் நிக்கிற தகடு. ஒரு பக்கத் தகட்டுல நீளவாக்குல ஒரு கீறல் வெட்டி அந்தத் துண்டை உள்பக்கமா லேசா வளைச்சு விட்டா அதுதான் ஸ்பிரிங், அதுதான் பூட்டு, பிளேடு திறந்ததும் அடியில போய் முட்டுக்குடுத்து நிக்கும். நான் வாங்கின இடத்துல "டைட்டானியம் ஷீட் 1.3 மி.மீ."னு மட்டும் போட்டிருந்தாங்க, கிரேடு போடல, நானும் கேக்கல. வந்தது கிரேடு 2, சுத்த டைட்டானியம். டிரில் போடறப்போ நல்லா இறங்குச்சு, அட இவ்ளோ ஈஸியான்னு சந்தோஷம் வேற. ரெண்டு வாரம் திறந்து மூடினதுல லாக் முகம், அதாவது பிளேடுல முட்டுற நுனி, நசுங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நகந்து எதிர்ப்பக்க லைனரையே தொட்டுடுச்சு. கேட்டா "நீங்க டைட்டானியம்தானே கேட்டீங்க"ன்னு பதில். வாங்கவேண்டியது கிரேடு 5, அதாவது 6 சதவீதம் அலுமினியம் 4 சதவீதம் வனேடியம் கலந்தது, வளைஞ்சா திரும்பி வர்ற பலம் கிரேடு 2-வை விட மூணு மடங்கு. ரெண்டாவது தடவை அதுதான் போட்டேன், பொட்டுனு பூட்டுது. ஆனா டிரில் பண்றது படு வேலை, மெதுவான ஸ்பீடு, நிறைய ஆயில், புது பிட், நடுவுல நிறுத்தித் தேய்ச்சீங்கன்னா அந்த இடம் இறுகிப்போய் பிட் மொக்கையாயிடும். இன்னொண்ணு, டைட்டானியம் ஸ்டீல் மேல ஒட்டிக்கிற சாதி, புதுசுல பூட்டு கெட்டியாப் பிடிச்சுக்கும். லாக் முகத்துல பென்சில் கிறுக்கி விட்டேன், சரியாச்சு. பித்தளைத் தகடு வழவழன்னு அழகா இருக்கும், ஆனா பூட்டுக்கு வேணாம், ஸ்பிரிங் நிக்காது.

பிளேடுக்கு ஓ1 ஸ்டீல், 3 மி.மீ., ரெண்டு பக்கமும் கிரைண்ட் பண்ணித் தட்டையா வந்த பட்டை. இதுக்கு முழு மார்க். 800 டிகிரி கிட்ட சூடு, ஆயில்ல முக்கல், 200 டிகிரில டெம்பர் (பட்டுனு உடையாம இருக்கத் திரும்ப சூடு காட்டறது), அவ்ளோதான். துரு பிடிக்கும், துடைச்சு வைக்கணும். 440சி மாதிரி ஸ்டெயின்லெஸ்னா 1000 டிகிரிக்கு மேல அடுப்பு வேணும், இல்லாட்டி வெளிய குடுத்துத்தான் ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணணும், முதல் கத்திக்கு எதுக்கு. மடக்குக் கத்தில பட்டை தட்டையா இருக்கிறதுதான் ஸ்டீல் பேரை விட முக்கியம், ஒரு முடி கோணினாலும் மூடுறப்போ லைனர்ல உரசும்.

பிவட், அதாவது பிளேடு சுத்துற அச்சு, 3/16 இன்ச், ரெடிமேட். அது பரவால்ல, தப்பு என்னோடது. பிளேடு ஓட்டைய ஹீட் ட்ரீட்மெண்டுக்கு முன்னாடியே ரீமர் (ஓட்டைய சரியான அளவுக்குச் செதுக்குற கருவி) போட்டு கச்சிதமா முடிச்சு வச்சேன், அடுப்புலேர்ந்து வந்ததுக்கப்புறம் பிவட் உள்ள போகல. அப்புறம் பித்தளைக் கம்பில லாப்பிங் பேஸ்ட் (தேய்க்கிற பொடி கலந்த பசை) தடவி அரை நாள் உருட்டினேன். வாஷர் பாஸ்பர் பிரான்ஸ் வாங்குங்க. பிளாஸ்டிக் வாஷரும் கூட வந்துச்சு, அதுல பிவட்டை இறுக்கினா பிளேடு நகரல, தளர்த்தினா பக்கவாட்டுல ஆடுது. ஒண்ணு ஞாபகம் வைங்க, முதுகுப்பக்கம் ரெண்டு லைனருக்கும் நடுவுல வைக்கிற ஸ்பேசரோட கனம் பிளேடும் ரெண்டு வாஷரும் சேர்ந்த கனம்தான், பிளேடைத் தேய்ச்சு பாலிஷ் பண்ணி முடிச்சப்புறம் அளந்துட்டு ஸ்பேசரைத் தேய்ங்க, முன்னாடி வேணாம்.

கைப்பிடிக்கு ஜி10 (கண்ணாடி நாரும் எபாக்ஸியும் சேர்த்து அழுத்தின பலகை) போட்டேன், ஈரம் ஏறாது, ஸ்க்ரூ நல்லா பிடிக்கும். தேய்க்கிறப்போ பறக்கிற தூள் கண்ணாடி நார், நெஞ்சுக்குள்ள போகக்கூடாது, நல்ல மாஸ்க் இல்லாம தொடாதீங்க. மரம் ஆசையா இருந்தா அடுத்த கத்திக்கு வச்சுக்கலாம்.

டிடெண்ட் பால், பிளேடை மூடின நிலைல பிடிச்சு வைக்கிற 1.5 மி.மீ. குண்டு. ஓட்டைய கொஞ்சம் சின்னதாப் போட்டு வைஸ்ல வச்சு அழுத்தணும். இது மட்டும் ஒண்ணு ரெண்டுன்னு வாங்காதீங்க, பத்தா வாங்கிக்கோங்க. என்னோடது மூணு இன்னும் பட்டறைத் தரையிலதான் எங்கயோ கெடக்கு.