எஃப்1 அழுத்த 35 கிலோமீட்டர்: கல்லிடைக்குறிச்சியில் ஒரு பைகேவிஎம்

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனியின் பில்லிங் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் வீடு பாளையங்கோட்டையில். உளுந்து மாவு மூட்டைகளுக்குப் பின்னால், மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் ஓடுகிற அசெம்பிள்டு பெட்டி அது. கரண்ட் போய் வந்தால் முதலாளி அண்ணாச்சி போன் பண்ணுவார்: "தம்பி, சிஸ்டம் ஏந்திரிக்க மாட்டேங்கு." பாபநாசம் பஸ் ஏறி, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டி சுமார் 35 கிலோமீட்டர் போய் மானிட்டரை மாட்டிப் பார்த்தால், மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, தேதி மறந்து, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். அழுத்திவிட்டுத் திரும்பி வருவேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் அதுவும் முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள் இருந்தது. தாமிரபரணி வடிந்து நான் அங்கே போய்ச் சேர நான்கு நாள் ஆனது. அதுவரை அவர்கள் கையால்தான் பில் எழுதினார்கள். அன்றைக்குப் பேட்டரியை மாற்றினேன். அப்புறம், வீட்டிலிருந்தே அந்தப் பெட்டியைக் கையாள உதவும் பைகேவிஎம் செய்வதற்கான சாமான்களை ஆர்டர் போட்டேன்.

ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் போர்டில் ஓடுகிற திறமூல மென்பொருள் இது. சர்வரின் திரையை பிரவுசரில் காட்டும். யுஎஸ்பி வழியாகத் தன்னைக் கீபோர்டாகவும் மவுஸாகவும் பென் டிரைவாகவும் சர்வரிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் எழுந்திருக்காவிட்டாலும், அதற்கு முன்பே ஓடும் பயாஸ் செட்டிங் வரை கை போகும். ஐடிராக், ஐலோ மாதிரி தூரத்திலிருந்து கையாளும் வசதி உள்ளேயே இருக்கிற சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் அசெம்பிள்டு பெட்டிதானே, அவர்களுக்குத்தான் இது.

நான் வாங்கியது ராஸ்பெர்ரி பை 4, எச்டிஎம்ஐ படத்தை உள்வாங்கும் சிறிய போர்டு, மெமரி கார்டு. பழைய பெட்டியில் விஜிஏ மட்டும் இருந்ததால் ஒரு கன்வெர்ட்டரும் வேண்டியிருந்தது. பை 4-இல் கரண்ட் வருவதும் சர்வரோடு பேசுவதும் அந்த ஒரே யுஎஸ்பி-சி துளை வழியாகத்தான். அதைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் கேபிளைக் கட்டாயம் வாங்குங்கள். சர்வர் யுஎஸ்பியிலிருந்தே பைக்குக் கரண்ட் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

செட்டிங்கில் முதல் வேலை பாஸ்வேர்டு. வெப் பக்கத்துக்கு அட்மின், அட்மின். கட்டளை தட்டும் லினக்ஸ் ஷெல்லுக்கு ரூட், ரூட் என்றுதான் வரும். இரண்டும் தனித்தனி, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. மாற்றுவதற்கு முன் ஆர்டபிள்யூ என்ற கட்டளையால் கார்டை எழுதத் திறக்க வேண்டும், முடிந்ததும் ஆர்ஓ கொடுத்துப் பூட்ட வேண்டும். முதலில் இது எரிச்சலாக இருந்தது. ஆனால் ஆடிக் காற்றில் ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகிற இடத்தில், எழுத முடியாதபடி பூட்டிய கார்டு எளிதில் கெடாது. இந்தச் சாதனத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

மற்ற செட்டிங் பெரும்பாலும் ஓவர்ரைடு யாமல் (override.yaml) என்ற கோப்பில். இதில் பொறுமை வேண்டும். வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கு ஸ்பேஸ் மட்டும்தான், டேப் ஆகாது. சர்வரை நெட்வொர்க் வழியாக எழுப்பும் பட்டனை அதில் சேர்த்தபோது ஒரு வரியை இரண்டு ஸ்பேஸ் தள்ளி எழுதிவிட்டேன். வெப் பக்கமே வரவில்லை. எஸ்எஸ்எச் வழியாக அந்த லினக்ஸ் ஷெல்லுக்குள் போய்ச் சரிசெய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பதற்றமில்லை. அந்தப் பட்டன் வேலை செய்ய பயாஸில் வேக்-ஆன்-லேனை ஆன் செய்து, பெட்டி அணைந்திருக்கும்போது கரண்டை மிச்சப்படுத்தும் இஆர்பியை ஆஃப் செய்ய வேண்டும். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக ஆன் ஆகும் செட்டிங்கும் அங்கேயே இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள். பல பிராட்பேண்டு இணைப்புகளில் தனி ஐபி கிடைக்காததால் திறந்தாலும் பயனிருக்காது. கிடைத்தாலும், கடையின் கீபோர்டை ஊருக்கே நீட்டுகிற மாதிரி ஆகிவிடும். என் கருவிகளை மட்டும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேலைப் போட்டேன், பத்து நிமிட வேலை. ஆனால் அதில் ஒரு கருவியின் சாவி 180 நாளில் காலாவதியாகும் என்பதைக் கவனிக்காமல் விட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் பை பட்டியலில் செத்துக் கிடந்தது. அதற்காக மறுபடியும் பாபநாசம் பஸ். காலாவதியை நிறுத்தும் தேர்வு அட்மின் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் நாளே அதை மாற்றுங்கள்.

படம் மொபைல் டேட்டாவில் வர, அதை நன்றாகச் சுருக்கி அனுப்பும் எச்.264 முறையைத் தேர்ந்தெடுங்கள். எம்ஜேபெக் முறை டேட்டாவைத் தின்றுவிடும். மவுஸ் பயாஸில் நகராவிட்டால் ரிலேட்டிவ் முறைக்கு மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் எழாதபோது பூட் பண்ணும் ரெஸ்க்யூ ஐஎஸ்ஓ கோப்பை அங்கே இருக்கும்போதே பையில் ஏற்றி வைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து அனுப்பினால் பொழுது போய்விடும்.

போன கார்த்திகையில் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தபோது அண்ணாச்சி கூப்பிட்டார். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். இடது கையில் போனைத் திறந்தேன். திரையில் விண்டோஸ் தன்னைத்தானே பழுதுபார்க்கட்டுமா என்று கேட்டு நின்றது. வேண்டாம், வழக்கம்போல் தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன். சாம்பார் வருவதற்குள் லாகின் திரை வந்துவிட்டது. "வந்துட்டு தம்பி" என்றார் அண்ணாச்சி. இப்போது அவர் மச்சினன் வள்ளியூர்க் கடைக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். அங்கே உட்கார்ந்து செட் பண்ண ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.