வகுப்புக்குப் பாரமீசியமா, மொய்னாவா?

நுண்ணோக்கியில் உயிரோடு காட்ட, செலவு பார்த்தால் குளத்துநீரில் வாழும் ஒருசெல் உயிரியான பாரமீசியம்தான். 10 கிராம் வைக்கோலை ஒரு லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் ஒரு நாள் திறந்து வையுங்கள். பெருகும் பாக்டீரியாதான் தீனி. பிறகு 50 மி.லி. குளத்துநீர் ஊற்றி நிழலில் வைத்தால் ஒரு வாரத்தில் மேலே படியும் ஆடைக்கு அடியில் பாரமீசியம் திரளும். ஆனால் நுண்ணோக்கியில் 100 மடங்கில் பிடிபடாமல் ஓடும். ஸ்லைடில் நாலைந்து பஞ்சு இழைகளைப் போட்டால் இடையில் மாட்டி நிற்கும். உடலில் மிகுந்த தண்ணீரை வெளியேற்றும் சுருங்கும் நுண்குமிழ் துடிப்பதைப் பிள்ளைகள் எண்ணலாம்.

சின்ன வகுப்புகளுக்கு, தண்ணீர்த் தெள்ளு எனப்படும் சிறு உயிரியான மொய்னாதான் நல்லது. அலங்கார மீன் கடைகளில் உயிர்த்தீனியாகக் கிடைக்கும். இதன் இனத்தைச் சேர்ந்த, சற்றுப் பெரிய டாஃப்னியாவைவிட நம் வெயிலைத் தாங்கும். 5 லிட்டர் குளோரின் இல்லாத தண்ணீர், கரைத்த ஈஸ்ட் சில துளி போதும். லேசாக மங்கிய தண்ணீர் ஓரிரு நாளில் தெளிய வேண்டும். தெளியுமுன் மறுபடி ஈஸ்ட் விட்டால் ஆக்சிஜன் தீர்ந்து ஒரே இரவில் மொத்தமும் செத்துவிடும். வளர்ப்பு அழிவது பெரும்பாலும் இதனால்தான். குழி ஸ்லைடில் 40 மடங்கில் பாருங்கள், முதுகுப்புறம் இதயம் படபடக்கும். தட்டை ஸ்லைடில் மேலே மூடும் மெல்லிய கண்ணாடி (கவர்ஸ்லிப்) நசுக்கிவிடும்.

இரண்டு வார விடுமுறையைப் பாரமீசியம் தாங்கும். மொய்னாவை யாராவது வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.