லோயர் என்று வந்தவர் லோயரே இல்லை: மட்டக்களப்பு ஆட்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை நீதிமன்றங்களுக்கு வழக்கு விஷயமாகப் போய்வருபவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள். சட்டத்தரணி என்று சொல்லி எங்கள் அக்காவிடம் காசு வாங்கிய மனிசன் சட்டத்தரணியே இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் வாங்கிவிட்டார். பெயரை இங்கே போடவில்லை, அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன்.

எழுவான்கரையில் அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவு ஒன்று இருக்கிறது. அம்மம்மா காலத்துக் காணி. பக்கத்து வளவுக்காரர் எல்லைப் பிரச்சினையைக் கிளப்பி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளைக் கொண்டுவந்து கொடுக்கும் உத்தியோகத்தர்) வந்து அழைப்பாணையைக் கொடுத்துவிட்டுப் போனதும் அக்கா பதறிப்போனார். அந்த நேரம் பார்த்துத் தெரிந்த ஒருவர் கூட்டிவந்து விட்டவர்தான் இவர். கறுப்புக் கோட்டு, கை நிறையக் கோப்பு, வாய் திறந்தால் சட்டப் பிரிவு இலக்கங்கள். முதலில் 40,000 ரூபா வாங்கினார். அப்புறம் "கொழும்புக்கு ஃபைல் அனுப்ப வேணும்" என்று இன்னும் 35,000. மாவட்ட நீதிமன்ற வழக்குக்கு மறுமொழி போடக் கொழும்புக்கு எதற்கு ஃபைல்? பிறகு உண்மையான லோயர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தே விட்டார். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "என்ன அக்கா, என்னை நம்பல்லியா?" என்றாராம்.

எல்லாவற்றையும் விட மோசமான வார்த்தை இதுதான்: "தவணைக்கு நீங்க வரத் தேவல்ல, நான் பாத்துக்கொள்றன்." அத்தான் கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் நீதிமன்றத்தில் போய் நின்றால் அன்றைய உழைப்பு போச்சு. அந்த மனிசனுக்கு இது நன்றாகத் தெரியும். தவணைக்குப் போனால்தானே, பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்க லோயர் இல்லை என்பது வெளியே தெரியவரும்.

கடைசியில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, தீர்ப்பாணை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவருடைய போன் வேலை செய்யவில்லை. வேறொரு சட்டத்தரணியைப் பிடித்து வழக்கேட்டைப் பார்க்கச் சொன்னோம். அதில் அக்காவின் பக்கத்தில் எதுவுமே இல்லை. மறுமொழியும் இல்லை, புரொக்சியும் இல்லை.

இந்தப் புரொக்சியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் உங்களுக்காக ஒரு சட்டத்தரணி வழக்கை நடத்துவதென்றால், "இவரை நியமிக்கிறேன்" என்று நீங்கள் கையொப்பம் வைத்த பத்திரம் வழக்கேட்டில் கோவைப்படுத்தப்பட வேண்டும். அதில் சட்டத்தரணியின் பெயர் இருக்கும். அக்காவிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார், வெறும் தாளில். அது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. காசு கொடுத்தவர்கள் பதிவாளர் கந்தோருக்குப் போய், வழக்கு இலக்கத்தைச் சொல்லி, என் பேரில் புரொக்சி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கோட்டு எந்தத் தையற்காரரும் தைத்துத் தருவார், வழக்கேட்டில் பெயர் ஏறுவதற்கு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து பதிவான ஆளாக இருக்க வேண்டும். ஜே.பி. (சமாதான நீதவான்) முத்திரை வைத்திருப்பவரும் லோயர் இல்லை. அவர் சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தலாம், உங்களுக்காக வழக்குப் பேச முடியாது.

இப்படித் தீர்ப்பாணை வந்தால் அழுதுகொண்டு இருக்க நேரமில்லை. அது கையில் கிடைத்து 14 நாளுக்குள், நீதிமன்றத்துக்கு வராமல் போனதற்கு நியாயமான காரணம் காட்டி, அதை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 86ஆம் பிரிவில் இது இருக்கிறது. நாங்கள் அந்தக் காலத்துக்குள் போட்டுவிட்டோம். விசாரணை இழுபட்டு, எதிர்த்தரப்பின் செலவைக் கட்டிய பிறகுதான் தீர்ப்பாணை நீங்கி, வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

பொலிஸ் முறைப்பாடு வேறு பாதை. உண்மையான சட்டத்தரணி ஒருவர் தவறு செய்தால் அவரைத் தொழிலிலிருந்து இடைநிறுத்தவோ நீக்கவோ உயர் நீதிமன்றத்தால் முடியும். பதிவே இல்லாத ஆளை எந்தப் பட்டியலிலிருந்து நீக்குவது? அது பொலிஸ் வேலை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தண்டனைச் சட்டக்கோவையில் 3 வருடம் வரை சிறை, ஏமாற்றிக் காசோ பொருளோ பறித்தால் 7 வருடம் வரை. 7 வருடம் என்று கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. ஆனால் நீதவான் நீதிமன்றம் பொதுவாக 2 வருடத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாதாம். இவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் கிடைத்தது ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, கொஞ்சம் தண்டப்பணம், அக்காவுக்கு நட்டஈடு. அதுவும் தவணை முறையில். தீர்ப்பு முடிந்து அவர் எங்களுக்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அத்தான் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இந்தத் தண்டனை போதாது என்றுதான் படுகிறது. எங்களுக்கு நட்டஈடு 75,000. வளவுக்காக ஓடிய செலவு அதைப்போல பல மடங்கு.

இன்னொன்று. அவருக்குத் தண்டனை கிடைத்ததால் அக்காவின் காணி வழக்கு தானாகச் சரியாகிவிடவில்லை. இரண்டும் இரண்டு நீதிமன்றம், இரண்டு வழக்கு. "அவன் உள்ளுக்குப் போனால் நம்மட தீர்ப்பும் ரத்தாகும்" என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அதை நம்பி இருந்திருந்தால் அந்த 14 நாள் போயிருக்கும்.

லோயருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978இல் சட்டம் போட்டு ஏற்படுத்தியது, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்து தருவார்கள். அழைப்பாணை, காணி உறுதி, அடையாள அட்டை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும்.

இதே ஆள் கல்லாறு, ஆரையம்பதிப் பக்கத்திலும் காசு வாங்கியிருக்கிறார் என்று கேள்வி. நட்டஈடு கிடைத்தது குற்றப்பத்திரிகையில் பெயர் இருந்த எங்களுக்கு மட்டும்தான். உங்களிடமும் வாங்கியிருந்தால் உங்கள் பொலிஸ் நிலையத்தில் தனியாக முறைப்பாடு போட வேண்டும். காசு கொடுத்த திகதி, வங்கிச் சிட்டை, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். எங்கள் வழக்கில் அவர் வாயைத் திறக்க முடியாமல் செய்தது, "ஆன்சர் போட்டாச்சு அக்கா" என்று அவரே அனுப்பியிருந்த ஒரு குரல் பதிவுதான்.