ஸ்டெம் வகுப்பு பலன் தந்ததா? படிவம், தேர்வு, செய்முறை: எதை நம்புவது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் தாங்களே கருவி செய்து பார்க்கப் பள்ளிகளில் மத்திய அரசு அமைத்த அடல் டிங்கரிங் லேப்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கின்றன. எத்தனை பள்ளி, எத்தனை கருவிப்பெட்டி என்ற கணக்கு சுலபமாகக் கிடைத்துவிடும். பிள்ளைகளிடம் என்ன மாறியது என்று பார்க்க வழக்கத்தில் இருப்பவை மூன்று வழிகள். மூன்றும் அளப்பது வெவ்வேறு சங்கதியை.

மலிவானது மனப்பான்மைப் படிவம். இருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள் (‘முழுதும் தவறு’ 1 முதல் ‘முழுதும் சரி’ 5 வரை), அரை மணி நேரம். வகுப்பாசிரியர் பக்கத்தில் நின்றால் எல்லாவற்றுக்கும் ‘முழுதும் சரி’தான் விழும், வெளியாள் நடத்த வேண்டும். கண்மூடி டிக் போடுபவரைப் பிடிக்க எதிர்மறை வாக்கியம் சேர்ப்பார்கள். “கணக்கு வராது என்று நான் நினைப்பதில்லை” என்று எழுதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளை குழம்பிவிடும். “கணக்கு என்றாலே பயம்” போதும். பயிற்சிக்குப் பின் மதிப்பெண் இறங்குவதும் உண்டு. ‘என்னால் ஒரு சோதனையைத் திட்டமிட முடியும்’ என்பதற்கு ஜூனில் 5 போட்டவர், நிஜமாகவே ஒன்றைச் செய்து திணறிய பிறகு 3 போடுவார். அவர் பின்தங்கவில்லை, தன்னை அளக்கும் கோல்தான் மாறியிருக்கிறது. ஆகவே படிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைக்கும் முன்-பின் தேர்வு இதைவிட நம்பகமானது. ஒரே தாளை இரண்டு முறை கொடுத்தால் கேள்வி நினைவிருக்கும். ‘அ’, ‘ஆ’ என இரண்டு தாள் தயாரித்து, பாதிப் பேருக்கு ‘அ’ முதலில், மீதிப் பேருக்கு ‘ஆ’ முதலில் என்று மாற்றிக் கொடுக்கலாம். இரண்டு தாளையும் பெயரை வைத்துச் சேர்க்காமல் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள தனி எண்) வைத்துச் சேருங்கள். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்கள். வகுப்புச் சராசரி 30லிருந்து 65 ஆனாலும், 70லிருந்து 85 ஆனாலும், 100ஐ எட்ட ஏற வேண்டிய தூரத்தில் ஏறியது பாதி: 35/70, 15/30. வெறும் கூடுதலைப் பார்த்தால் முதல் வகுப்பு மட்டும் ஜொலிக்கும்.

ஆனால் ஸ்டெம் சொல்லித்தருவதாகச் சொல்லும் திறன் தேர்வுத்தாளில் தெரியாது. அதற்குச் செய்முறைப் பணிதான். நூல், அளவுகோல், நிறுத்துக்கடிகாரம், ஒரே அளவில் இரண்டு சிறு புட்டிகள் (ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல், இரண்டும் கழுத்துவரை) கொடுத்து, “ஊசல் ஆடும் நேரத்தை எது மாற்றுகிறது?” என்று கேளுங்கள். நூலையும் எடையையும் சேர்த்து மாற்றினால் 0. ஒன்றை மட்டும் மாற்றினால் 1. ஓர் ஆட்டத்தை அளக்காமல் 10 ஆட்டத்தை எண்ணி வகுத்தால் இன்னொன்று. தன் அளவீட்டிலிருந்தே முடிவு சொன்னால் மேலும் ஒன்று. 1 மீட்டர் ஊசலில் 10 ஆட்டம் ஏறக்குறைய 20 விநாடி, 25 செ.மீ.யில் 10 விநாடி. புட்டிக்குப் பதில் சின்னக் கல், பெரிய கல் கொடுத்துவிட்டால் வினை: பெரிய கல்லின் நடுப்பகுதி தாழ்ந்து ஊசலின் நீளமே கூடிவிடும், ‘எடை மாற்றுகிறது’ என்று பிள்ளை நியாயமாகவே எழுதும். மதிப்பெண் போடுபவர்கள் இருவர் முதல் 20 பேருக்குத் தனித்தனியே போட்டு ஒப்பிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம் பிடிக்கும். எல்லோருக்கும் முடியாது, பள்ளிக்குப் பத்துப் பேரைக் குலுக்கி எடுத்தால் போதும்.

எதைக் கையில் எடுத்தாலும் ஒப்பிடப் பயிற்சி பெறாத பள்ளிகள் வேண்டும். சில மாதத்தில் பிள்ளைகள் எப்படியும் வளர்வார்கள். ஆர்வமாக முன்வந்த பள்ளியை மற்றவற்றோடு ஒப்பிடுவது பயன்படாது. குலுக்கலில் பாதிக்கு ஜூனில், மீதிக்கு ஜனவரியில் தொடங்கி, இரண்டாம் பாதி தொடங்குமுன் டிசம்பரில் அளந்துவிடலாம்; யாருக்கும் மறுத்ததாகாது. பள்ளி எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு 0.2 என்றால் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி), 10 பள்ளியில் 40 பேர் வீதம் எடுத்த 400 பேர், தனித்தனியே எடுத்த 45 பேருக்குத்தான் சமம். அதே 400 பேரை 40 பள்ளியில் பத்துப் பத்தாக எடுத்தால் 143.