படத் திருட்டுக்கு நஷ்டஈடு வாங்கித் தரும் ஏஜென்சியா? ஒப்படைக்கும் முன் இதைப் படியுங்கள்

இணையத்தில் உங்கள் படத்தைத் திருடியவர்களைக் கண்டுபிடித்து நஷ்டஈடு வாங்கித் தருகிறோம், வருவதில் ஆளுக்குப் பாதி என்று புகைப்படக்காரர்களைத் தேடி வரும் ஏஜென்சிகள் உண்டு. அப்படி ஒன்றிடம் என் படங்களை ஒப்படைத்திருந்தேன். ஒவ்வொரு கடிதமும் என்னைக் கேட்ட பிறகே போகும் என்றுதான் பேச்சு. யார் யாருக்கு உரிமம் கொடுத்திருக்கிறேன் என்ற பட்டியலையும் கையோடு கொடுத்தேன்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பத்திரிகைக்கே மிரட்டல் கடிதம் போயிருக்கிறது. என் மீன்கொத்திப் படத்தைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள், படத்தின் கீழே என் பெயரையும் போட்டவர்கள். அந்தப் பெயர் பளிச்சென்று தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையே ஆதாரமாக வைத்து, கெடு தேதிக்குள் பணம் கட்டு, இல்லையேல் வழக்கு என்று எழுதியிருந்தார்கள். "நீங்கள்தானே சார் கொடுத்தீர்கள்?" என்று ஆசிரியர் போனில் கேட்டபோது எனக்கு உடம்பே கூசியது. ஏஜென்சிக்கு எழுதினால் தானியங்கி பதில்தான் வருகிறது. விலகவும் முடியவில்லை, ஆரம்பித்த வழக்குகள் முடியும்வரை அவர்கள் கையில்தானாம்.

இன்னொரு பக்கம், அதே படத்தில் என் பெயரை வெட்டிவிட்டு வால்பேப்பராக விற்கும் தளத்தை அவர்கள் தொடவே இல்லை. முகவரி இல்லாதவனிடம் வசூலாகாது, பயந்து கட்டுகிறவர்களிடம்தான் ஆகும். இவர்கள் தொழில் அப்படி.

இனி யாரிடமாவது கொடுப்பதென்றால் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: உங்கள் ஒப்புதல் இல்லாமல் கடிதம் போகக்கூடாது, நீங்கள் சொன்னால் எந்த வழக்கையும் நிறுத்த வேண்டும். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பாதி வேலையை நாமே செய்யலாம். படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) இரண்டிலும் தேடுங்கள். திருடியவருக்கு எழுதும் முன்பே பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். எழுதியதும் படம் மறைந்துவிடும். ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பை, அழிக்காதீர்கள், எடுத்தவர் நீங்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். தளத்துக்காரர் அசையவில்லையா, தளத்தைத் தாங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அது அமெரிக்க நிறுவனமென்றால் டிஎம்சிஏ (DMCA) என்ற 1998ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கல் நோட்டீஸ் அனுப்பலாம், வக்கீல் தேவையில்லை. ஒன்று மட்டும்: எதிராளி மறுப்பு நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாதவரை 10 முதல் 14 வேலை நாளில் படம் திரும்ப ஏறிவிடும். வக்கீலைப் பார்ப்பதென்றால் அதற்குள் பார்த்துவிடுங்கள்.